கண்ணாடியின் முன் நின்ற உடல் களத்தில் இறங்கும்போது

ஒருவர் தம் உடலைப் பற்றி மனத்துக்குள் வரைந்து வைத்திருக்கும் சித்திரத்தையும், அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பெருமை, வெட்கம், அச்சம் ஆகிய உணர்ச்சிகளையும் சேர்த்தே உளவியலார் ‘உடல் பிம்பம்’ என்கின்றனர். வியன்னாவில் பிறந்த உளமருத்துவர் பால் ஷில்டர் 1935-இல் வெளியிட்ட நூலில், இந்தச் சித்திரம் தனி மனிதரின் மூளைக்குள் மட்டும் உருவாவதில்லை, சுற்றியிருப்போரின் பார்வையும் பேச்சும் சேர்ந்தே அதை வரைகின்றன என்று எடுத்துக்காட்டினார். எடை இயந்திரம் காட்டும் எண்ணுக்கும் இந்தச் சித்திரத்துக்கும் பல நேரங்களில் தொடர்பே இருப்பதில்லை. ‘உருவக்கேலி’ என்ற சொல் தமிழ்ச் செய்தித்தாள்களில் புழக்கத்துக்கு வந்தது அண்மையில்தான் என்றாலும், அச்சொல் சுட்டும் வழக்கம் குண்டன், ஒல்லிக்குச்சி, நெட்டை, கருவாயன் என்று வகுப்பறையில் பெயர் வைக்கப்பட்ட நாள்முதல் இருந்துவருகிறது. அப்பெயர்களைப் பெற்றவர்கள் அவற்றைச் சிரித்தபடி ஏற்றுக்கொள்ளவும் பழக்கப்பட்டிருக்கிறார்கள். இந்தப் பழக்கத்தைக் கலைப்பதற்கு மாணவர் நாடகம் பயன்படுமா, பயன்படுமெனில் அது எப்படி என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

உடலைப் பற்றிய வெட்கம் ஒருவரின் தோற்றத்தோடு நின்றுவிடாமல் அவருடைய சிந்தனைக்குள்ளும் புகுந்துவிடுகிறது என்பதைக் காட்டிய ஆய்வுகளுள் ஒன்று 1998-இல் அமெரிக்காவில் வெளியானது. பார்பரா ஃப்ரெட்ரிக்சனும் டோமி-ஆன் ராபர்ட்ஸும் அதற்கு முந்தைய ஆண்டில், பெண்கள் தங்கள் உடலைப் பிறருடைய கண்களால் இடைவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி பயிற்றப்படுகிறார்கள், அந்த ஓயாத கண்காணிப்பு அவர்களுடைய கவனத்தைத் தின்றுவிடுகிறது என்ற கோட்பாட்டை முன்வைத்திருந்தனர். அதைச் சோதிக்கும் பொருட்டு, மாணவ மாணவியருள் சிலருக்கு நீச்சலுடையும் மற்றவர்களுக்குக் கம்பளிச் சட்டையும் கொடுத்து, தனியறையில் ஆளுயரக் கண்ணாடியின் முன் அணிந்து பார்க்கச் சொல்லி, அந்த உடையிலேயே ஒரு கணிதத் தேர்வையும் எழுதவைத்தனர். அறையில் வேறு யாரும் இல்லை. இருந்தும் நீச்சலுடை அணிந்த மாணவியர், கம்பளிச் சட்டை அணிந்த மாணவியரைவிடக் குறைவாக மதிப்பெண் பெற்றனர். ஆண்களிடம் இந்த வேறுபாடு தென்படவில்லை. பார்ப்பதற்கு ஆளே இல்லாத அறையிலும் பார்க்கப்படுவதாக உணரும் மனநிலையே இந்தச் சிக்கலின் வேர்.

அந்த மனநிலை எத்தனை விரைவில் விதைக்கப்படக்கூடும் என்பதற்குப் பசிபிக் பெருங்கடலில் உள்ள ஃபிஜித் தீவின் நத்ரோகா பகுதி சான்று. நன்றாக உண்டு செழித்த உடலையே அழகென்று கருதிய அந்த மக்களிடையே தொலைக்காட்சி வந்தது 1995-இல். அந்த ஆண்டிலும் 1998-லும் பள்ளி மாணவியரிடம் ஆய்வு நடத்திய ஆன் பெக்கர், எடையைக் குறைப்பதற்காகத் தாமே வாந்தி எடுத்துக்கொள்ளும் வழக்கம் முதல் ஆய்வில் ஒருவரிடமும் இல்லாதிருந்து, மூன்றே ஆண்டுகளில் 11.3 விழுக்காடாகிவிட்டதைப் பதிவுசெய்தார். இந்தியாவில் இந்த வேலையைச் சிவப்பழகு கிரீம் 1975 முதலே செய்துவந்தது. ‘ஃபேர் அண்ட் லவ்லி’ தன் பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லைக் கைவிட 2020 வரை ஆயிற்று. மாப்பிள்ளை வீட்டார் பார்வையிலும் வேலைக்கான நேர்காணலிலும் தோலின் நிறம் பெண்ணின் தகுதியாக நிறுக்கப்படும் என்ற எண்ணத்தை அத்தகைய விளம்பரங்கள் இரண்டு தலைமுறைகளுக்குக் கற்பித்திருக்கின்றன.

இப்படிப் பதிந்த ஒன்றை அறிவுரையால் அகற்ற முடியாது. ‘நிறம் முக்கியமில்லை, மனம்தான் முக்கியம்’ என்பதைக் கேளாத மாணவியே இல்லை. கேட்டுவிட்டு அறைக்குத் திரும்பி, புகைப்படத்தில் தன் முகத்தை வெளுப்பாக்கித்தான் அவள் பதிவிடுகிறாள். அவளுக்குக் குறைவது தகவலன்று என்பதால், கருத்தரங்கும் சுவரொட்டியும் அவளை எட்டுவதில்லை. நாடகத்தின் கருவியோ நடிப்பவரின் உடலேயாகும். வெட்கப்படக் கற்பிக்கப்பட்ட அதே தோளும் இடுப்பும் குரலும் களத்தில் ஒரு வேலையைச் செய்யவேண்டியிருப்பதால், நாடகம் இச்சிக்கலைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அதற்குள் இறங்கிவிடுகிறது.

இந்த உண்மையை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தவர் பிரேசில் நாட்டு நாடக இயக்குநர் அகஸ்தோ போவால் (1931–2009). இராணுவ ஆட்சியால் 1971-இல் கைதுசெய்யப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளாகி, பின் நாட்டைவிட்டு வெளியேறிய அவர், 1973-இல் பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டமொன்றில் பணியாற்றியபோது கண்டடைந்தவற்றை அடுத்த ஆண்டு நூலாக்கினார். கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் ‘ஒடுக்கப்பட்டோருக்கான கல்விமுறை’யை ஒட்டி, அது ‘ஒடுக்கப்பட்டோர் அரங்கு’ என்று பெயர்பெற்றது. அந்தக் கண்டுபிடிப்பின் மையத்தில் ஒரு பெண் இருந்தார் என்பது போவாலே எழுதிவைத்த செய்தி. எழுதப் படிக்கத் தெரியாத மனைவியிடம் கணவன் சில தாள்களைக் கொடுத்து, வீட்டுக்காகக் கட்டிய பணத்தின் ரசீதுகள் என்று சொல்லியிருக்கிறான்; ஐயம் கொண்டு அவள் அவற்றைப் பிறரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது, அவை வேறொருத்தி அவனுக்கு எழுதிய காதல் கடிதங்கள் என்று தெரியவருகிறது. அன்று மாலை வீடு திரும்பும் கணவனிடம் அவள் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்பதே நாடகம். பார்வையாளர்கள் சொல்லச் சொல்ல நடிகர்கள் நடித்துக்காட்டுவது அன்றைய முறை. கூட்டத்திலிருந்த வலுவான உடல்வாகு கொண்ட ஒரு பெண், ‘அவனோடு தெளிவாகப் பேசிவிட்டுத்தான் மன்னிக்கவேண்டும்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நடிகை எத்தனை வகையாகப் பேசிக்காட்டியும் அவருக்கு நிறைவில்லை. பொறுமையிழந்த போவால், நீங்களே வந்து செய்துகாட்டுங்கள் என்று அழைத்தார். அவர் மேடையேறி, துடைப்பத்தை எடுத்துக் கணவனாக நடித்தவரை வெளுத்துவாங்கி, அதன்பின் மன்னித்து, சாப்பாடு கொண்டுவரும்படி சமையலறைக்கு அனுப்பிவைத்தார். ‘தெளிவாகப் பேசுவது’ என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்ன சொல்லுக்குள் இருந்த பொருள், அவருடைய உடல் களத்தில் இறங்கிய பிறகே மற்றவர்களுக்கு விளங்கிற்று.

வன்முறைக்கு இங்கு சான்றிதழ் தேடவேண்டியதில்லை. ஒருவருடைய துன்பத்தை இன்னொருவர் நடித்துக்காட்டும்போது எது தவறிப்போகிறது என்பதே அந்நிகழ்ச்சி கற்பித்த பாடம். அதிலிருந்து பிறந்ததுதான் ‘விவாத அரங்கு’. ஒரு சிக்கல் தீர்வில்லாமல் தோல்வியில் முடிவதாக ஒருமுறை நடித்துக்காட்டப்படும். பின் அதே காட்சி மீண்டும் தொடங்கும். பார்வையாளர் எவரும் ‘நிறுத்து’ என்று குரல்கொடுத்து, ஒடுக்கப்படும் பாத்திரத்தின் இடத்தில் தாம் நின்று வேறு வழியை முயன்று பார்க்கலாம். களத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்று இதை நடத்துபவரைப் போவால் ‘ஜோக்கர்’ என்றார். கதைக்குள்ளும் வெளியிலும் நடமாடி, பார்வையாளரோடு நேராகப் பேசும் கூத்துக் கட்டியங்காரனை அறிந்த தமிழருக்கு இந்தப் பாத்திரம் அந்நியமாகத் தோன்றாது. நடக்கவே முடியாத தீர்வை யாரேனும் கொண்டுவந்தால் கூட்டம் அதை ‘மாயம்’ என்று சொல்லித் திருப்பியனுப்பும். கணவன் திடீரென்று திருந்திவிடுவதும் வில்லன் காலில் விழுந்து அழுவதும் இங்கே செல்லாது.

போவால் பின்னர் ஐரோப்பாவுக்குச் சென்றபோது, அங்கே பயிற்சிக்கு வந்தவர்கள் காவல்துறையையோ முதலாளியையோ பற்றிப் பேசாமல் தனிமை, வெறுமை, பிறரோடு பேச இயலாமை ஆகியவற்றைப் பற்றிப் பேசினார்கள். அவற்றை ஒடுக்குமுறையாக ஏற்க அவர் முதலில் தயங்கினாலும், அந்தத் துன்பத்தால் உயிரை மாய்த்துக்கொள்வோர் இருப்பதைக் கண்டு எண்ணத்தை மாற்றிக்கொண்டார். 1980-களின் தொடக்கத்தில் பாரிஸில் சிசிலியா தூமிமுடன் அவர் நடத்திய பயிலரங்குக்கு ‘மண்டைக்குள் இருக்கும் போலீஸ்காரர்’ என்று பெயர். வெளியே காவலர் எவரும் இல்லாதபோதும் உள்ளேயிருந்து ‘செய்யாதே, போகாதே, காட்டாதே’ என்று அதட்டும் குரல் எங்கிருந்து வந்தது, அது யாருடைய குரல் என்று தேடி, அதை ஒரு பாத்திரமாக்கிக் களத்தில் நிறுத்தி, அதனோடு வாதிடுவதே அந்தப் பயிலரங்கின் முறை. ஆளில்லாத அறையில் நீச்சலுடையோடு கணக்குப் போட்ட மாணவியின் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

கல்லூரி வளாகத்தில் இந்த முறை எப்படி இயங்கும் என்பதை அருகில் நின்று பார்ப்பது நல்லது. பயிற்சி பெரும்பாலும் ‘படிம அரங்கு’ எனப்படும் பகுதியில் தொடங்குகிறது. ஒருவர் களிமண்போல் நிற்க, இன்னொருவர் அவர் கையையும் தலையையும் தோளையும் சொல்லில்லாமல் தொட்டுத் திருத்தி, ஓர் உருவத்தைச் செதுக்குவார். ‘விடுதிச் சாப்பாட்டு அறையில் நீ’ என்ற தலைப்பைக் கொடுத்தால், துப்பட்டாவை இழுத்து வயிற்றை மறைக்கும் கை, தட்டின்மேல் கவிழ்ந்த தலை, யாரோ எண்ணிக்கொண்டிருப்பதாக அஞ்சி மூன்றாவது இட்லிக்கு நீளாமல் நின்றுவிட்ட விரல்கள் ஆகியவை உருவமாகி நிற்கும். அதையடுத்து அந்த உருவத்தைச் சுற்றி அந்த மாணவியின் மண்டைக்குள் இருப்பவர்கள் ஒவ்வொருவராக வந்து நிற்கிறார்கள்: ‘என்னடி, இப்படி ஊதிட்டே?’ என்னும் அத்தை, ‘வெயில்ல சுத்திக் கறுத்துப்போயிட்டியே’ என்னும் பாட்டி, ஒன்றும் சொல்லாமல் ஏற இறங்கப் பார்க்கும் அண்ணனின் நண்பன், விளம்பரத்திலிருந்து இறங்கிவந்த முகம். அன்பினால் பேசுபவரும் கேலியினால் பேசுபவரும் ஒரே வரிசையில் நிற்பதைப் பார்த்த பிறகுதான், அந்தச் சொற்கள் எத்தனை பேருடையவை என்பது புலனாகிறது. மாணவர்களுடைய உருவங்களும் இதேபோல் எழும். ‘பொம்பள மாதிரி நடக்காதே’ என்ற ஒரே வாக்கியத்துக்காகத் தன் நடையை ஆண்டுக்கணக்கில் ஒத்திகை பார்த்துத் திருத்திக்கொண்டவன், மீசை வளரவில்லையே என்று மருகுபவன், உடற்பயிற்சிக் கூடத்தில் புரதப்பொடியைக் கரைத்துக் குடித்து மார்பை அகலமாக்க முயல்பவன் என்று பலர் களத்துக்கு வருவார்கள். பாலினம் என்பது பெண்களுக்கு மட்டும் உரிய பாடம் என்ற எண்ணம் அப்போது தானாகவே உதிர்ந்துவிடும்.

நடித்துப் பார்ப்பது மனத்தை மாற்றும் என்பது நாடகக்காரர்களின் நம்பிக்கை மட்டுமன்று. அமெரிக்க உளவியலாளர் எரிக் ஸ்டைஸ் உருவாக்கிய ‘பாடி ப்ராஜெக்ட்’ என்ற பயிற்சியில், மெலிந்த உடலே அழகு என்ற கருத்தை ஓரளவு ஏற்றுக்கொண்டிருக்கும் இளம்பெண்கள், அந்தக் கருத்துக்கு எதிராகப் பேசும் பாத்திரத்தை ஏற்று நடிக்கிறார்கள். பயிற்சியாளர் உணவை வெறுக்கும் பெண்ணாக நடிக்க, அவரை மனம் மாற்ற முயல்வது பங்கேற்பவரின் வேலை. ஒருவர் தம் வாயால் சொல்வதற்கும் மனத்தில் வைத்திருப்பதற்கும் முரண் ஏற்படும்போது, அந்த உறுத்தலைத் தணிக்க மனமே இடம்பெயரும் என்று 1957-இல் லியோன் ஃபெஸ்டிங்கர் விளக்கிய கொள்கையே இதன் அடித்தளம். 2008-இல் வெளியான மூன்றாண்டுத் தொடராய்வில், இப்பயிற்சி பெறாதவர்களுள் 15 விழுக்காட்டினர் உணவுண்ணும் முறை சார்ந்த நோய்களுக்கு ஆளாகியிருக்க, பயிற்சி பெற்றவர்களுள் அது 6 விழுக்காடாகவே இருந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் டிரினிட்டி பல்கலைக்கழகத்தில் கரோலின் பெக்கர் இதே பயிற்சியை மாணவியரே மாணவியருக்கு நடத்தும்படி அமைத்தார். அறிவுரையைக் கேட்டவர்களைவிட அறிவுரை சொல்லும் பாத்திரத்தை நடித்தவர்கள் மிகுதியாக மாறுகிறார்கள் என்பதால், மாணவர் நாடகத்தின் முதல் பயனாளிகள் அதன் நடிகர்களே என்று கொள்வதில் பிழையில்லை.

எழுதி முடிக்கப்பட்ட பிரதியை எடுத்து நடிக்கும் இயக்கங்களிலும் மாணவர் பங்கு பெரிது. ஈவ் என்ஸ்லர் பல பெண்களை நேர்கண்டு எழுதி 1996-இல் நியூயார்க்கில் அரங்கேற்றிய ‘தி வஜைனா மோனோலாக்ஸ்’, 1998-இல் தொடங்கிய ‘வி-டே’ இயக்கத்தின் வழியே கல்லூரிகளுக்குப் பரவிற்று. திரட்டும் பணம் பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்கும் அமைப்புகளுக்குச் செல்லவேண்டும் என்ற நிபந்தனையோடு மாணவர் குழுக்களுக்கு உரிமத்தொகை இல்லாமல் பிரதி வழங்கப்பட்டது. உறுப்பின் பெயரையே உரக்கச் சொல்லும் துணிவை அந்நாடகம் பல்லாயிரம் மாணவியருக்குக் கொடுத்தது உண்மை. சென்னையில் 2004-இல் காவல்துறை அதற்கு அனுமதி மறுத்ததும் அந்தத் துணிவின் அளவைக் காட்டும். ஆயினும் அமெரிக்காவின் மவுன்ட் ஹோலியோக் மகளிர் கல்லூரி மாணவர் குழு 2015-இல், பெண்மையை உடலுறுப்பொன்றோடு சுருக்கிப் பார்க்கும் அந்தப் பிரதி திருநங்கையரின் வாழ்வுக்கு இடம்தருவதில்லை என்று கூறி, ஆண்டுதோறும் நடித்துவந்த அதைக் கைவிட்டது. விடுதலைக்கான பிரதியும் இருபது ஆண்டுகளில் ஓர் அச்சாக இறுகிவிடக்கூடும் என்பதை மாணவர்களே கண்டுசொன்னது, அந்த இயக்கத்துக்குக் கிடைத்த வெற்றிகளுள் ஒன்றாகவே கருதத்தக்கது.

இந்தியாவில் பாலினம் குறித்த வீதி நாடகத்துக்கு 1979 ஒரு திருப்புமுனை. சஃப்தர் ஹாஷ்மி முன்னின்று வளர்த்த ஜன நாட்டிய மஞ்ச் அவ்வாண்டில் அரங்கேற்றிய ‘ஔரத்’ நாடகத்தில், ஒரே நடிகை சிறுமி, மனைவி, கல்லூரி மாணவி, வேலையிழந்த தொழிலாளி என்று அடுத்தடுத்து மாற, சுற்றி நிற்கும் ஆண்கள் தந்தையாகவும் கணவனாகவும் முதலாளியாகவும் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஏறத்தாழ அதே காலத்தில், தில்லியின் வரதட்சணைக் கொலைகளுக்கு எதிராகப் பெண்கள் அமைப்பினர் ‘ஓம் ஸ்வாஹா’வைத் தெருத்தெருவாக நடித்தனர்; அதன் உருவாக்கத்தில் இருந்த அனுராதா கபூரும் மாயா ராவும் பின்னாளில் இந்திய நாடகத்தின் முதன்மையான ஆளுமைகளாயினர். தமிழகத்தில், சென்னைக் கல்லூரியொன்றில் ஆங்கிலம் கற்பித்துவந்த அ. மங்கை, பெண்சிசுக் கொலையைப் பொருளாகக் கொண்ட ‘பச்ச மண்ணு’ போன்ற நாடகங்களை இயக்கியதோடு, திருநங்கையர் தாமே நடித்த மேடைகளுக்கும் துணைநின்றார். 1979 தொடங்கி இந்திய நாடகத்தில் பாலினம் பெற்ற இடத்தை ஆங்கில நூலொன்றில் விரிவாக எழுதியும் இருக்கிறார்.

இந்த மரபின் வழித்தோன்றல்களான இன்றைய கல்லூரிக் குழுக்களிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை. எல்லாரும் ஒரே நிறக் குர்தா அணிந்து, பறையோ டஃப்லியோ முழங்க வட்டமாக நிற்கும் வடிவத்தில் ஒருவருடைய உடல் மற்றொருவருடையதைவிட உயர்ந்த அலங்காரம் பெறுவதில்லை என்பதே அழகு. ஆனால் கல்ச்சுரல்ஸ் போட்டியில் பரிசு வெல்வது இலக்காகிவிட்டால் நாடகம் முழக்கங்களின் தொகுப்பாகிவிடுகிறது. அதைவிடக் கவலை தருவது பாத்திரங்கள் பங்கிடப்படும் முறை. சிவந்த, மெலிந்த மாணவிக்கே கதாநாயகி வேடம். கறுத்தவளுக்கு வேலைக்காரியோ பேயோ. பருத்த மாணவன் மேடைக்கு வந்தாலே சிரிப்புக்கு. புடவை கட்டிய ஆண் இடுப்பை ஆட்டினால் கைதட்டல். உருவக்கேலியைக் கண்டிக்கும் ஸ்கிட்டிலேயே இந்தப் பங்கீடு மாறாமல் இருப்பதைப் பல அரங்குகளில் காணமுடிகிறது. பாத்திரம் பங்கிடும் பட்டியலைத் திருத்தாத குழு, வசனத்தை எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை.

அந்தப் பட்டியலைத் திருத்தினால் என்ன நேரும் என்பதற்குச் சான்று காஞ்சிபுரத்துக்கு அருகிலேயே இருந்தது. தோளில் அணியும் புஜக்கட்டை, தலைக்கிரீடம் முதலிய மர அணிகளால் பெயர்பெற்ற கட்டைக்கூத்தில், அரசனையும் வீரனையும் மட்டுமின்றிப் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடிவந்தனர். கூத்துக் கலைஞர் பி. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ருயினும் புஞ்சரசந்தாங்கலில் 2002-இல் தொடங்கிய குருகுலத்தில், எளிய ஊர்ப்புறக் குடும்பங்களின் சிறுவர்களோடு சிறுமியரும் பள்ளிக் கல்வியோடு சேர்த்துக் கூத்துப் பயின்றனர். குரலைத் தாழ்த்து, குனிந்து நட, இடத்தை அடைத்துக்கொண்டு நிற்காதே என்று வளர்க்கப்பட்ட பெண்பிள்ளை, கட்டை வேடம் தரித்தால் அவளுடைய தோளின் அகலம் இரட்டிப்பாகிறது. சுழன்று ஆடுவதற்குக் களம் முழுவதும் வேண்டியிருக்கிறது. திறந்தவெளியில் கடைசி வரிசைவரை எட்டும்படி அடிவயிற்றிலிருந்து பாடவேண்டியிருக்கிறது. அழகாகத் தெரிகிறோமா என்ற கேள்விக்கு அங்கே நேரமில்லை. விடியும்வரை தாக்குப்பிடிக்கும் உடலா என்பதே கேள்வி. விடிய விடிய ஊர் ஊராகச் சென்று ஆடும் கலையில் திருமணத்துக்குப் பின்னும் ஒரு பெண் நிலைப்பது எளிதன்று என்ற சமூகத் தடை அப்படியே இருந்தாலும், துரியோதனனாக நின்று பார்த்த சிறுமியின் உடலுக்குத் தன் வலிமை தெரிந்துவிடுகிறது. அந்தக் குருகுலம் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. தமிழ் நாடக உலகம் இதை ஒரு பெரும் இழப்பாக உணர்ந்திருக்கவேண்டும்.

மீண்டும் கல்லூரி வளாகத்துக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழு தன் ராகிங் தடுப்பு விதிகளை 2016-இல் திருத்தியபோது, நிறம், சாதி, பாலினம், திருநர் அடையாளம் ஆகியவற்றோடு தோற்றத்தை முன்னிட்டுச் செய்யப்படும் துன்புறுத்தலையும் ராகிங் என்றே வரையறுத்தது. கல்லூரி அறிவிப்புப் பலகைகளில் தண்டனை விவரங்கள் ஒட்டப்படுகின்றன. ஆனால் அறிவிப்பு மட்டும் போதாது. முதலாண்டு மாணவர் வந்துசேரும் வாரத்தில், அந்த அறிவிப்பைப் படித்துக்காட்டும் கூட்டத்துக்குப் பதிலாக ஒரு மாலைப்பொழுதை விவாத அரங்குக்கு ஒதுக்கும்படி கல்லூரி முதல்வர்களையும், ‘நிறுத்து’ என்று முதலில் சொல்லும் உரிமையை இதுவரை கடைசி வரிசையில் ஒளிந்து உட்கார்ந்தவர்களுக்குக் கொடுக்கும்படி மாணவர் குழுக்களையும் கேட்டுக்கொள்ளவேண்டியிருக்கிறது. அதற்கு மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம், ஒப்பனையும் வேண்டாம். ஐம்பது பேர் வட்டமாக நிற்பதற்கு ஒரு மரத்தடி போதும்.